வயற்காவலுக்கும் வாவிக்கரைக்கும் குறைந்த காசில் ஒரு பைனாகுலர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு மட்டக்களப்பில், கல்லடியில்; வயல் வெல்லாவெளிப் பக்கம். கிழமையில் ரெண்டு மூன்று நாள் வாவிக்கு மேற்கே படுவான்கரை, மிச்ச நாள் கிழக்கே எழுவான்கரை என்று என் பிழைப்பு ஓடுகிறது. ரெண்டு கரையிலும் கழுத்தில் ஒரு பைனாகுலர் தொங்கும். அங்கே யானைக்கு, இங்கே பறவைக்கு. அதைக் கண்டவர்கள் எல்லாம் ஒரு முறை வாங்கிப் பார்த்துவிட்டு, "என்ன விலை? எனக்கும் ஒன்று எடுக்கலாமா?" என்று கேட்பார்கள். ஒரே பதிலைப் பத்துப் பேருக்குச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்தேன்.

காவலுக்கு ரைபிள் ஸ்கோப் ஒன்று மலிவாகக் கிடைக்குமாம். அதையே வாங்கினால் என்ன?

வேண்டாம். ஸ்கோப் துவக்கின் மேல் பூட்டுவதற்கென்றே செய்த சாமான். துவக்கு பின்னால் உதைக்கும். அது கண்ணில் இடிக்கக்கூடாது என்பதற்காக, கண்ணை மூன்று நான்கு அங்குலம் தள்ளி வைத்துப் பார்க்கும்படி அமைத்திருக்கிறார்கள். கையில் பிடித்துப் பார்த்தால் அந்த இடைவெளியும் நேர்கோடும் நிற்காது. தலை கொஞ்சம் அசைந்தால் படம் கறுத்துப் போகும். பார்வைப் பரப்பும் சின்னது. 9 மடங்கில் வைத்தால் 100 மீற்றருக்கு அப்பால் நாலைந்து மீற்றர் அகலம்தான் தெரியும். அதே தூரத்தில் ஒரு சாதாரண 8×42 பைனாகுலர் 13 மீற்றர் அளவு காட்டும். ஒரு யானையைப் பார்ப்பதற்கும் கூட்டத்தைப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. அதுவும் ஒற்றைக் கண்ணால் பத்து நிமிடம் பார்த்துப் பாருங்கள், கண் கசந்துவிடும்.

மற்றது சட்டம். துவக்குக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பது 1916ஆம் ஆண்டுச் சட்டம். காட்டு விலங்குகளைக் காக்கும் சட்டம் 1937 முதல் இருக்கிறது. யானையைச் சுடுவது குற்றம். பயிர்க்காவலுக்கு அனுமதியோடு சிலர் வைத்திருப்பது சன்னம் போட்டுச் சுடும் துவக்கு, அது கிட்டத்துக்கு மட்டும்தான். அதற்கு ஸ்கோப் எதற்கு? துவக்கே இல்லாமல் ஸ்கோப்பை மட்டும் பையில் கொண்டு போனாலும், "துவக்கு எங்கே?" என்றுதான் முதல் கேள்வி வரும்.

8×42, 10×50 என்று எழுதியிருக்கிறதே, அது என்ன?

முதல் எண் எத்தனை மடங்கு கிட்டக் காட்டும் என்பது. 8 என்றால், 400 மீற்றரில் நிற்கும் யானை 50 மீற்றரில் நிற்பதுபோல் தெரியும். இரண்டாவது எண் முன்பக்க வில்லையின் (லென்ஸ்) விட்டம், மில்லிமீற்றரில். அது வெளிச்சத்தை அள்ளும் வாய். வாய் பெரிதானால் வெளிச்சம் கூட, பாரமும் கூட.

இந்த இரண்டையும்விட முக்கியமான மூன்றாவது எண் ஒன்று உண்டு. பெட்டியில் பெரும்பாலும் இருக்காது, நாங்களே கணக்குப் போட வேண்டும். இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் பிரியுங்கள். 42ஐ 8ஆல் பிரித்தால் 5 மி.மீ. சொச்சம். பைனாகுலரைக் கண்ணிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து வெளிச்சமான வானத்தைப் பார்த்தால், பின் வில்லைக்குள் ஒரு சின்ன வெளிச்ச வட்டம் தெரியும். அந்த வட்டத்தின் விட்டம்தான் இது. அதன் வழியாகத்தான் வெளிச்சம் உங்கள் கண்மணிக்குள் போகிறது.

பகல் வெயிலில் கண்மணி 2, 3 மி.மீ. அளவுக்குச் சுருங்கியிருக்கும். இருட்டில் இளவயதுக்காரருக்கு 7 மி.மீ. வரை விரியும், வயது போகப் போக அவ்வளவு விரியாது. ஆகவே மத்தியானத்தில் மட்டும் பார்ப்பவருக்கு 10×25 (வட்டம் 2.5 மி.மீ.) போதும். பொழுது பட்ட பிறகு அதே 10×25ஐ எடுத்தால் காடு வெறும் கறுப்பாகத் தெரியும். அந்த நேரம் 8×42 வைத்திருப்பவர், காட்டோரத்தில் அசையும் கறுப்பு மரமா யானையா என்று பிரித்துச் சொல்லுவார். எங்கள் பக்கம் யானை மத்தியானத்தில் வருவதில்லையே.

மடங்கு கூடக் கூட நல்லதுதானே? 20, 50, 100 என்றெல்லாம் விற்கிறார்களே?

இந்தக் கேள்விக்கு நான் காசு கொடுத்துப் பதில் படித்தவன். சில வருடங்களுக்கு முன் ஒரு நடைபாதைக் கடையில் பெட்டியில் "20-100" என்று பொன்னெழுத்தில் போட்ட ஒன்றை வாங்கினேன். முன் வில்லை மாணிக்கக் கல் மாதிரிச் சிவந்து மின்னியது. அன்று பின்னேரமே கல்லடிப் பாலத்தில் நின்று, கீழே வாவியில் வலை வீசிக்கொண்டிருந்தவரைப் பார்த்தேன். இரண்டு பேர் தெரிந்தார்கள். இரண்டு பேரும் ஒரே தொப்பி, ஒரே நேரத்தில் ஒரே வலையை வீசினார்கள். மடங்கைக் கூட்டினேன், இரண்டு பேரும் சேர்ந்து நடுங்க ஆரம்பித்தார்கள். அப்புறம்தான் விளங்கியது, குழாய் ரெண்டும் ஒரே திசையைப் பார்க்கவில்லை என்று.

மனிதக் கை எப்போதும் கொஞ்சம் நடுங்கும். பைனாகுலர் அந்த நடுக்கத்தையும் சேர்த்தே பெருப்பிக்கிறது. கையில் பிடித்துப் பார்க்க 8 மடங்கு எல்லோருக்கும் சரி, 10 உறுதியான கைக்குச் சரி. 12க்கு மேல் போனால் முக்காலி வேண்டும். தோணியில் இருந்து பார்ப்பதென்றால் 10 கூடக் கஷ்டம், 7 அல்லது 8 தான். கடலோடிகள் 7×50 பிடித்திருப்பது சும்மா இல்லை.

இன்னொன்று, எங்கள் ஊர் வெக்கை. காலை பத்து மணிக்குப் பிறகு அறுவடை முடிந்த வயலுக்கு மேலே காற்று கானல் போல நெளியும். வாவிக்கு மேலும் அப்படித்தான். அந்த நேரத்தில் மடங்கைக் கூட்டினால் நெளிவுதான் பெரிதாகத் தெரியும். எவ்வளவு விலை கொடுத்த கண்ணாடியானாலும் அதற்கு மருந்தில்லை.

மடங்கைக் கூட்டிக் குறைக்கும் 'ஸூம்' வகையையும், சிவப்பு வில்லையையும் கண்டால் கடையை விட்டு இறங்கிவிடுங்கள். சிவப்புப் பூச்சு சிவப்பு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது என்று அர்த்தம்; உள்ளே வரும் படம் பச்சை நீலமாகச் சோகை பிடித்துத் தெரியும்.

சரி, மட்டக்களப்பு, அம்பாறைக்கு எந்த அளவு?

ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் 8×42. யோசிக்கத் தேவையில்லை.

ஏன் என்று கேட்பவருக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். படுவான்கரை வயல்களுக்குக் காடு பெரும்பாலும் மேற்கே இருக்கிறது. பின்னேரம் யானை இறங்கும் திசையும் சூரியன் இறங்கும் திசையும் ஒன்று. பரணில் இருந்து பார்த்தால் எதிர் வெளிச்சம் நேரே முகத்தில் அடிக்கும். மலிவான கண்ணாடியில் அந்த வெளிச்சம் உள்ளே தெறித்துப் படம் முழுக்கப் பால் ஊற்றியது போல வெளிறிவிடும். யானை நிற்கும் இடம் தெரியும், அது என்ன செய்கிறது என்பது தெரியாது. இந்த ஒரு விஷயத்தில்தான் நல்ல பூச்சுக் கண்ணாடிக்குக் கொடுத்த காசு திரும்பி வருகிறது. (சூரியன் முழுதாக மறைவதற்கு முன் அந்தத் திசையில் பைனாகுலரைத் திருப்பும்போது கவனம். சூரியன் ஒரு கணம் உள்ளே வந்தாலும் கண் போய்விடும். பிள்ளைகள் கையில் கொடுக்கும்போது முதலில் சொல்ல வேண்டியது இது.)

வாவிக்கரை கதை வேறு. கல்லடியில் இருந்து விடியப்புறம் மேற்கே பார்த்தால் சூரியன் முதுகுப் பக்கம். நீர்க்காகமும் கொக்கும் கூழைக்கடாவும் வடிவாக, இறகு இறகாகத் தெரியும். அந்த வெளிச்சத்தில் 8×32 கூடப் போதும், பாரமும் குறைவு. பறவைக்கு மட்டும் என்பவர் அதை எடுக்கலாம்.

குளக்கட்டில் நின்று தூரத்துத் தீவில் உள்ளதைப் பார்ப்பவர்களுக்கு, உன்னிச்சை, நவகிரி, இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரம் போன்ற இடங்களுக்கு, 10×42 நல்லது. கட்டில் உட்கார்ந்து முழங்காலில் முழங்கை ஊன்றினால் கை நடுங்காது.

யானை எவ்வளவு தூரத்தில் நிற்கும்போது பார்க்கலாம்?

தூரத்தில் நிற்கவே பைனாகுலர் வாங்குகிறோம், கிட்டப் போக அல்ல. யானை ஓடினால் மணிக்கு 25 கிலோமீற்றர் வேகம் எடுக்கும். வரம்பில் வழுக்கி வழுக்கி ஓடும் நாம் அந்த வேகத்துக்கு அருகில்கூட வரமாட்டோம்.

நான் பார்ப்பது மூன்று விஷயம். எத்தனை உருப்படி, குட்டி இருக்கிறதா, தனியனா. தனியன் என்றால் அடுத்து நெற்றிப்பொட்டைப் பார்ப்பேன், கண்ணுக்கும் காதுக்கும் நடுவில். எங்கள் நாட்டில் ஆண் யானைகளில் கொம்பன் குறைவு, பெரும்பாலும் கொம்பில்லாத அலியன்தான். அதனால் வெறுங்கண்ணுக்குத் தூரத்தில் ஆணா பெண்ணா என்றே பிடிபடாது. போன பெரும்போகத்தில் ஒரு நாள், காட்டோரத்தில் ஒன்று தனியாக நின்று மண்ணை வாரித் தலையில் போட்டுக்கொண்டிருந்தது. 300 மீற்றருக்கு மேல் இருக்கும். பார்க்கச் சாதுவாகத்தான் நின்றது. வில்லையைத் திருகித் தெளிவாக்கியபோது, கன்னத்தில் எண்ணெய் வழிந்தது போல ஒரு கறுத்த ஈரக்கோடு, வாய் வரை இறங்கியிருந்தது. மதநீர். மண் பூசிய சாம்பல் தோலில் அந்த ஒரு கோடு மட்டும் மினுங்கியது. அன்று யானைவெடியைக் கையிலும் எடுக்கவில்லை. எங்கள் வயல்வெளி வட்டையில் இருந்த எல்லோருக்கும் போன் போட்டு, காவல் குடிசைகளான வாடிகளை விட்டு றோட்டுப் பக்கம் வரச் சொன்னேன். மதம் பிடித்த யானைக்கு வெடி போடுவது அதைக் கூப்பிடுவதற்குச் சமம்.

யானையின் காது விசிறுவது நின்று, விரித்து வைத்தபடி உங்களைப் பார்க்கிறது என்றால் அதற்கு உங்கள் வாசம் கிடைத்துவிட்டது. பைனாகுலரை இறக்குங்கள்.

பொறோ, ரூஃப் என்று இரண்டு வகை சொல்கிறார்களே?

உள்ளே அரியங்கள் (பிரிசம்) இருக்கின்றன, தலைகீழாக விழும் படத்தை நிமிர்த்துவதற்கு. பழைய படங்களில் தளபதிகள் பிடித்திருக்கும், தோள் அகன்ற வடிவம்தான் பொறோ. 1854இல் அந்த அமைப்புக்கு உரிமம் எடுத்த இத்தாலியர் இக்னாசியோ பொறோவின் பெயர். குழாய் நேராக, மெலிதாக இருப்பது ரூஃப்.

ஒரே விலைக்குப் பொறோதான் படம் நன்றாகக் காட்டும். ரூஃப் அரியத்தை மிகத் துல்லியமாகச் செதுக்க வேண்டும், விசேட பூச்சும் வேண்டும், ஆகவே மலிவு ரூஃபில் படம் கொஞ்சம் மங்கும். ஆனால் மலிவு பொறோக்களில் அதிகமானவற்றுக்குள் தண்ணீரும் ஈரக்காற்றும் போகும். இது பாலைவனத்தில் பிரச்சினை இல்லை. மார்கழி மழையில், சேற்றுக்கு நடுவில் இருக்கும் வாடியில்?

என் தீர்ப்பு இது. வீட்டில் வைத்து, நல்ல நாளில் எடுத்துப் போகிறவர் பொறோ வாங்கட்டும். வயலில் கிடந்து உழலப் போகிற பைனாகுலர் என்றால், படத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் பரவாயில்லை, நைதரசன் வாயு நிரப்பி மூடிய, தண்ணீர் புகாத ரூஃப் வகை.

பெட்டியில் உள்ள மற்றச் சொற்களில் எதைப் பார்க்க வேண்டும்?

'ஃபுல்லி மல்டி கோட்டட்' என்று இருக்க வேண்டும், அதாவது எல்லாப் பரப்பிலும் பல அடுக்குப் பூச்சு. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு மேற்பரப்பும் ஏறக்குறைய 4 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடும். உள்ளே பத்துப் பரப்பு இருந்தால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் வழியிலேயே போய்விடும். வெறும் 'கோட்டட்' என்றால் ஏதோ ஒரு பரப்பில் ஏதோ பூசியிருக்கிறார்கள் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அரியம் செய்த கண்ணாடி வகை 'பாக்-4' என்று போட்டிருந்தால் நல்லது. 'பிகே-7' என்றால் அடுத்த தரம். பெட்டியை நம்பாதவர், முன்னே சொன்ன அந்த வெளிச்ச வட்டத்தைப் பார்க்கட்டும். பொறோ வகையில் அது முழு வட்டமாக இருந்தால் சரி. ஓரங்கள் வெட்டுப்பட்டுச் சதுரமாகத் தெரிந்தால் அரியம் மட்டம்.

'எச்டி', 'புரோ', 'மிலிட்டரி' எல்லாம் பெட்டிக்குப் போட்ட பவுடர்.

நான் கண்ணாடி போடுகிறவன். எனக்குச் சரிவருமா?

வரும். பின் வில்லையிலிருந்து கண்ணை எவ்வளவு தள்ளி வைத்தாலும் முழுப் படமும் தெரியும் என்பதைச் சொல்லும் 'ஐ ரிலீஃப்' என்ற அளவு 15 மி.மீ.க்குக் குறையாமல் இருக்க வேண்டும். கண் வைக்கும் இடத்திலுள்ள றப்பர் கிண்ணத்தை உள்ளே திருகி இறக்கிவிட்டுக் கண்ணாடியோடே பாருங்கள். கண்ணாடி போடாதவர் அதை வெளியே திருகி எடுக்க வேண்டும். இது தெரியாமல் "கறுப்புக் கறுப்பாக வந்து மறைக்கிறது" என்று கடைக்காரனோடு சண்டை பிடித்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

எவ்வளவு காசு ஒதுக்க வேண்டும்? எந்தக் கம்பனி?

வெளிநாட்டு விலையில் 100 முதல் 150 டொலர் என்பது, நம்பி வாங்கக்கூடிய முதல் படி. அதற்குக் கீழே நல்லது அகப்படுவது அதிர்ஷ்டம். அதற்கு மேலே போகப் போக நல்லதுதான், ஆனால் இரண்டு மடங்கு காசுக்கு இரண்டு மடங்கு வடிவாகத் தெரியாது.

பொறோவில் நிக்கோன் அக்குலோன் வரிசை காசுக்கேற்ற படம் தரும், ஆனால் தண்ணீர் புகும். ரூஃபில் நிக்கோன் புரோஸ்டாஃப் பி3, செலஸ்ட்ரோன் நேச்சர் டிஎக்ஸ் இரண்டும் மூடிய வகை. என்னிடம் இருப்பது இவற்றில் ஒன்று. எதுவென்று சொன்னால் அதையே எல்லோரும் வாங்குவீர்கள். உங்கள் கண்ணுக்கு எது ஒத்துவருகிறதோ அதை எடுங்கள்.

எங்கே வாங்குவது?

கொழும்பில் கமெராக் கடைகளில் கிடைக்கும். ஆனால் எங்கள் பக்கத்துக்கு வசதியான வழி, கட்டாரிலோ சவுதியிலோ துபாயிலோ இருக்கும் மச்சானோ மருமகனோ லீவில் வரும்போது ஒன்று கொண்டு வருவது. மாதிரியின் பெயரை முழுதாக எழுதி அனுப்புங்கள். "ஒரு நல்ல பைனாகுலர்" என்று மட்டும் சொன்னால், பாவம், அவர் பெரிய எண் போட்ட பெட்டியைத்தான் தூக்கி வருவார்.

இணையத்தில் எடுப்பதென்றால் திருப்பிக் கொடுக்கலாமா என்று முதலில் கேளுங்கள். பைனாகுலர் செருப்பு மாதிரி, போட்டுப் பார்க்காமல் சொல்ல முடியாது.

கடையில் எப்படிச் சோதிப்பது?

கடைக்குள் நின்று எதிர்ச் சுவரைப் பார்த்தால் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். "வெளியே கொண்டு போய்ப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். மாட்டேன் என்கிற கடையில் வாங்காதீர்கள்.

தெருவில் நின்று தூரத்துப் பெயர்ப்பலகையைப் பாருங்கள். நடு எழுத்தும் ஓர எழுத்தும் எவ்வளவு வித்தியாசம்? ஓரம் கொஞ்சம் மங்குவது மலிவுக் கண்ணாடிக்கு இயல்பு. பாதிக்கு மேல் மங்கினால் வேண்டாம். அடுத்து மின்கம்பி அல்லது கூரை விளிம்பு, படுக்கையாக உள்ள ஏதாவது ஒரு கோடு. அதைப் பார்த்தபடியே பைனாகுலரை மெதுவாகக் கண்ணிலிருந்து ஒரு சாண் தள்ளுங்கள். வலது வட்டத்திலும் இடது வட்டத்திலும் கோடு ஒரே மட்டத்தில் ஓட வேண்டும். ஒன்றில் மேலே, மற்றதில் கீழே என்றால் குழாய்கள் விலகியிருக்கின்றன. நான் வாங்கிய "20-100"க்கு இருந்த வியாதி அதுதான். இந்த ஒரு சோதனை அன்று தெரிந்திருந்தால் காசு மிஞ்சியிருக்கும்.

வானத்துக்கு எதிராக ஒரு கறுப்பான பொருளை, தென்னை ஓலை அல்லது கோபுர முனையைப் பாருங்கள். விளிம்பில் ஊதா, பச்சைக் கரை கொஞ்சம் இருக்கும். அது கண்ணை உறுத்துமளவு இருக்கக்கூடாது. வில்லையில் குழல் விளக்கின் பிரதிபலிப்பைப் பாருங்கள்: மங்கலான பச்சை, ஊதா என்றால் பூச்சு இருக்கிறது; வெள்ளை வெளேரென்று விளக்கே தெரிந்தால் அந்தப் பரப்பில் பூச்சில்லை. காதருகே வைத்துக் குலுக்குங்கள், சத்தம் வரக்கூடாது.

கடைசியாக, விடாமல் இரண்டு நிமிடம் பாருங்கள். நெற்றி இழுத்தால், தலை சுற்றினால், காரணம் எதுவானாலும் அதை வைத்துவிட்டு வாருங்கள்.

புதிதாகத்தான் வாங்கினேன். ஒரு கண்ணுக்குத் தெளிவு, மற்றதற்கு மங்கல். பழுதா?

பெரும்பாலும் பழுதில்லை, சரிசெய்யவில்லை. முதலில் இரண்டு குழாயையும் மடித்து விரித்து, இரண்டு வட்டமும் ஒன்றாகும்படி கண் இடைவெளிக்குக் கொண்டு வாருங்கள். பிறகு வலது முன் வில்லையைக் கையால் மூடிக்கொண்டு, நடுச் சில்லைத் திருகி இடக் கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். அடுத்து இடது வில்லையை மூடுங்கள். நடுச் சில்லைத் தொடாமல், வலக் கண் வைக்கும் இடத்தில் உள்ள வளையத்தை மட்டும் திருகுங்கள். அவ்வளவுதான். இனி நடுச் சில்லு மட்டும் போதும்.

இரண்டாம் கைப் பைனாகுலர் வாங்கலாமா?

வாங்கலாம், டோர்ச் ஒன்றோடு போனால். முன்பக்கத்திலிருந்து டோர்ச் அடித்து, பின்பக்கமாக உள்ளே பாருங்கள் (வெளிச்சம் நேரே கண்ணில் படாமல் கொஞ்சம் சரித்து). சிலந்தி நூல் போல, வேர் போல ஏதாவது பரவியிருந்தால் பூஞ்சணம். இலவசமாகத் தந்தாலும் வேண்டாம்.

பூஞ்சணத்துக்கு ஏன் இவ்வளவு பயம்?

அப்பாவின் பழைய பைனாகுலர் ஒன்று இருந்தது. நல்ல தோல் உறையில் போட்டு அலுமாரியில், சேலைகளுக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தோம். கார்த்திகை, மார்கழி, தை மூன்று மாதம் மழை. மாசியில் திறந்தபோது தோல் உறையில் பச்சை பூத்திருந்தது. வில்லைக்குள் வெள்ளை நூல், கோலம் போட்ட மாதிரி. கமெரா திருத்துகிறவரிடம் கொண்டு போனோம். துடைத்துத் தந்தார், ஆனால் நூல் ஓடிய தடம் கண்ணாடியிலேயே பதிந்து கிடந்தது. பூஞ்சணம் அமிலம் விடும், அது பூச்சை அரித்துவிடும். அதற்குப் பிறகு அதனால் பார்த்த எல்லா யானையும் பனிக்குள் நின்ற யானைதான்.

பத்திரம் என்று நினைத்து நாங்கள் செய்த மூன்றும் பிழை: தோல் உறை ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், அலுமாரியில் காற்றோட்டம் இல்லை, மூன்று மாதம் யாரும் தொடவில்லை. பூஞ்சணத்துக்கு இருட்டும் ஈரமும் அமைதியும் இருந்தால் போதும்.

இப்போது செய்வது இதுதான். மூடி இறுக்கமாகப் பூட்டும் பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டி, அதற்குள் ஒரு கைப்பிடி சிலிக்கா ஜெல். நிறம் மாறும் வகை வாங்கினால் ஈரம் ஏறியதும் தெரியும், சூடாக்கிக் காயவைத்துத் திரும்பப் போடலாம். சமைக்கும் சட்டியில் வறுக்க வேண்டாம். நீல நிறத்தவை நஞ்சு கலந்தவை, அதற்கென ஒரு பழைய தகரம் வைத்துக்கொள்ளுங்கள். அரிசி போடலாமா என்று கேட்பார்கள். அரிசித் தூள் சில்லுக்குள் போகும், அவ்வளவுதான் கண்ட பலன். மழையில் நனைந்த பைனாகுலரை நேரே பெட்டிக்குள் போட்டு மூடக்கூடாது. துடைத்து, மின்விசிறிக்குக் கீழே ஒரு இரவு விட்டு, பிறகு பெட்டி.

நைதரசன் நிரப்பிய வகைக்கு உள்ளே பூஞ்சணம் வருவது அரிது. வெளிப்பரப்புக்கு அந்தக் காப்பு கிடையாது.

துடைப்பது எப்படி?

சாரன் முனையால் அல்ல! எங்கள் ஆட்கள் எல்லோரும் வாயால் ஆவி ஊதி, சாரன் முனையால் ஒரு தேய் தேய்ப்பார்கள். வயல் தூசியும் கடற்கரை மணலும் உப்பும் கண்ணாடியில் இருக்கும்போது தேய்த்தால் அரத்தாள் போட்டதற்குச் சமம். முதலில் ஊதுங்கள், மெல்லிய தூரிகையால் தட்டுங்கள், பிறகு கண்ணாடித் துணியை ஈரமாக்கி மெதுவாக. கல்லடி, பாசிக்குடாப் பக்கம் கடற்காற்றில் பிடித்திருந்தால் உப்புப் படியும். மூடிய வகையைக் குழாய் நீரில் மெதுவாக அலசலாம், பொறோவைக் கூடாது.

இரவில் பார்க்க முடியுமா?

நிலவு இருந்தால் 8×42 ஓரளவு, 7×50 இன்னும் நன்றாகக் காட்டும். அமாவாசையில் எதுவும் காட்டாது. பெட்டியில் 'நைட் விஷன்' என்று எழுதிய மலிவுப் பைனாகுலர்கள் வெறும் கண்ணாடிதான், எழுத்து மட்டும்தான் விசேஷம்.

போனில் பெரிதாக்கிப் பார்த்தால் போதாதா?

படம் எடுத்து வட்சப்பில் போடப் போதும். ஆனால் திரையில் பார்ப்பதற்குள் யானை திரும்பிவிடும், வெயிலில் திரையும் தெரியாது. சிலர் போனைப் பைனாகுலரின் பின் வில்லையில் ஒட்டிப் பிடித்துப் படம் எடுப்பார்கள். பொறுமை உள்ளவர்களுக்கு நன்றாகவே வரும்.

எங்கே கொண்டு போய்ப் பார்ப்பது?

புதிதாக வாங்கியவர்களுக்கு நான் சொல்லுவது லாகுகல. பொத்துவிலில் இருந்து மொனராகலைக்குப் போகும் ஏ4 வீதிக்குப் பக்கத்திலேயே குளம். குளத்துப் புல்லுக்கு யானை வரும். குமணை பறவைக்கு, ஒகந்தை முருகன் கோயிலைத் தாண்டிப் போக வேண்டும், ஆடிவேல் காலத்தில் கதிர்காமத்துக்கு நடக்கும் அடியார்கள் போகும் அதே வழி. அங்கே வில்லுக்குளத்தில் மஞ்சள் மூக்கு நாரையும் நத்தைகுத்தியும் கூடு கட்டும். கல் ஓயா தேசியப் பூங்காவுக்குள் சேனாநாயக்க சமுத்திரத்தில் படகில் போனால், யானை ஒரு தீவிலிருந்து மற்றத் தீவுக்கு நீந்துவதைப் பார்க்கலாம், தும்பிக்கை நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே. படகு ஆடும், 10 மடங்கை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

ஒன்றும் வேண்டாம் என்றால் புரட்டாதிக்குப் பிறகு பங்குனி வரை வாவிக்கரைக்கு வாருங்கள். வடக்கே குளிருக்குத் தப்பி வந்த பறவைகள் சேற்றில் மேயும். செலவு ஒரு பிளேன்டீ.

பச்சைப் புள்ளி போட்ட, இராணுவ உடை நிறத்தில் மலிவாக ஒன்று கிடைக்கிறது. எடுக்கலாமா?

எடுக்காதீர்கள். யுத்த காலத்தில் பைனாகுலர் ஒன்றைக் கையில் வைத்திருக்கவே எங்கள் பக்கம் யாரும் துணிந்திருக்கமாட்டார்கள். இப்போது அந்தப் பயம் இல்லை, ஆனாலும் முகாம், சாவடிப் பக்கம் போகும்போது நான் அதைப் பைக்குள் போட்டுவிடுவேன். கறுப்பு நிறமே நல்லது. யானைக்கு நிறம் ஒரு பொருட்டில்லை, காற்றுத் திசைதான் கணக்கு.

தனியாக வாங்கக் காசு போதாது. வட்டையில் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கலாமா?

தாராளமாக. நாங்களும் மூன்று வயல்காரர் சேர்ந்துதான் இரண்டாவதை வாங்கினோம், பரணிலேயே பெட்டியில் இருக்கிறது. ஒரே சிக்கல், ஆளுக்கு ஆள் கண் வேறு. ஒருவர் பார்த்துவிட்டுக் கொடுத்தால் மற்றவருக்கு மங்கல், யானை வரும் நேரத்தில் வளையத்தைத் திருகிக்கொண்டு நிற்க வேண்டும். அதனால் வீட்டில் இருந்து நகப்பூச்சு எடுத்துப் போய், வலக் கண் வளையத்தில் ஆளுக்கொரு புள்ளி வைத்தோம். சிவப்பு என்னுடையது, ரோஸ் மாமாவுடையது. தங்கராசா அண்ணனுக்கு என்று வைக்க நிறம் இல்லாமல் போய், அவர் மகளிடம் கேட்டு மினுக்கம் போட்ட ஊதா ஒன்று வாங்கி வந்தார். இருட்டில் அவருடைய புள்ளி மட்டும்தான் தெரிகிறது.